ஒரு வாளி வெந்நீரின் மின்கணக்கு

27 டிகிரி செல்சியசில் இருக்கும் 20 லிட்டர் நீரைக் குளிக்க இதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர, ஏறத்தாழ 0.3 யூனிட் மின்சாரம் வேண்டும். விலை உயர்ந்த கீசரானாலும் வாளியில் போடும் ஹீட்டரானாலும் இந்த அளவு குறையாது. நீருக்குள் இருக்கும் மின்சுருள், இழுக்கும் மின்சாரம் முழுவதையுமே வெப்பமாக்கிவிடுகிறது. குமரி மாவட்டம் அருமனையில் ஒரு வீட்டில் நாலு பேர் நாளும் ஆளுக்கொரு வாளி வெந்நீரில் குளித்தால், இரண்டு மாதக் கணக்கில் 72 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு இது சமம். ரப்பர் விறகையும் தென்னை மடலையும் எரித்துச் சருவத்தில் நீர் காய்ச்சிய காலத்தில் இந்தக் கணக்குக்கு வேலையே இருக்கவில்லை.

விரயம் நீர் சூடான பிறகுதான் தொடங்குகிறது. தொட்டியில் தேங்கிய வெந்நீர் சுவர் வழியே ஆறிக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைக்காவிட்டால், ஆறியதை ஈடுகட்டச் சுருள் மறுபடி மறுபடி எரியும். எரிசக்தித் திறன் செயலகம் தொட்டிக் கீசர்களுக்குத் தரும் நட்சத்திரக் குறியீடு இந்த இழப்பைத்தான் அளக்கிறது. ஐந்து நட்சத்திரக் கீசரில் வெப்பக்காப்பு நன்றாக இருக்கும். ஆனால் நாள் முழுவதும் சுவிட்சைப் போட்டே வைத்தால் அந்த நட்சத்திரங்களால் முழுப் பலன் இல்லை. 2 கிலோவாட் கீசர் 15 லிட்டர் நீரை 60 டிகிரிக்கு ஏற்ற 17 நிமிடமே எடுக்கும். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, சூடானதும் அணைத்து, வீட்டார் அடுத்தடுத்துக் குளித்துவிடுவதே சிக்கனம். 60 டிகிரி நீரில் பச்சைத்தண்ணீர் கலப்பதால் நட்டமில்லை. மிச்சம் வைத்து ஆறவிடுவதுதான் நட்டம். குழாயின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 10 மீட்டர் அரை அங்குலக் குழாயில் தங்கும் ஒன்றேகால் லிட்டர் வெந்நீர் ஒவ்வொரு முறையும் வீணாகும்.

தொட்டியில் தேக்காமல் அப்போதைக்கப்போது சுடவைக்கும் 3 கிலோவாட் கீசரில் தேக்க இழப்பு இல்லை; ஒரு வாளி நிறைய ஆறு நிமிடமாகும்.

0.3 யூனிட்டுக்கும் கீழே இறங்க வழிகள் இரண்டு. சுற்றுப்புறக் காற்றின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். குளிர் தெரியாத அருமனைக் காற்று அதற்கு ஏற்றது என்றாலும் விலை அதிகம். சூரிய ஹீட்டருக்கு வெயில் இலவசம். ஆனால் இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும். மேகம் மூடிய வாரங்களில் துணைக்கு மின்சாரம் வேண்டும். தென்னையும் ரப்பரும் மொட்டைமாடியை மறைக்கும் வீடுகளில் சூரிய ஹீட்டர் வாங்குவது வீண்செலவு.