ஒப்புதல் மட்டும் போதுமா?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில், கோலியனூர் கூட்டுரோட்டை ஒட்டிய கடைகள் பலவற்றில் இன்று பொருளுக்கு விலை சொல்லும் முன்பே கைப்பேசி எண்ணைக் கேட்கிறார்கள். மானிய உரம் வாங்கும் விவசாயி ஆதாரைக் காட்டி விரல் ரேகை வைக்கிறார். கடன் தேவைப்படும் இளைஞர் ஒரு செயலியைத் தரவிறக்கம் செய்து, திரையில் தோன்றும் 'சம்மதம்' என்ற பொத்தானைப் படிக்காமலே அழுத்துகிறார். இப்படித் தரப்படும் விவரங்கள் எங்கே போகின்றன, யாருக்குப் பயன்படுகின்றன என்பது தருபவர் எவருக்கும் தெரிவதில்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதை நான் ஒரு சந்தைப் பிரச்னையாகவே பார்க்கிறேன். பழைய கந்துவட்டிக்காரருக்குக் கடனாளியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்தது மட்டுமே. கடன் செயலிக்கோ அவருடைய தொடர்பு எண்கள், படங்கள், இருப்பிடம் அனைத்தும் தெரியும். பொது முடக்கக் காலத்தில் தவணை தவறியவர்களின் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்து அவமானப்படுத்தியதாகப் புகார்கள் குவிந்தன. 2021 ஜனவரியில் சென்னை காவல் துறை, சீன நாட்டவர் இருவர் உள்பட நால்வரை இத்தகைய வழக்கில் கைது செய்தது. கடனுக்கு ஈடாக அங்கே வைக்கப்பட்டது நகையோ நிலமோ அல்ல, கடனாளியின் மானம்.

அந்தரங்க உரிமை நம் சட்டத்துக்குப் புதிதல்ல. 'ஆட்டோ' சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக 'நக்கீரன்' ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம், தனித்து விடப்படும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கியுள்ளது என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகவே, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எனினும், நிறுவனங்களின் முக்கியக் கடமைகள், விதிகளின்படி, 18 மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும்.

இச்சட்டத்தில் வரவேற்க வேண்டியவை பல உள்ளன. ஒப்புதல் என்பது சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விவரம் அறிந்தும் தரப்பட்டதாக இருக்க வேண்டும். அதைக் கோரும் அறிவிப்பைத் தமிழ் உள்பட எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். போதிய பாதுகாப்பின்றித் தரவைக் கசியவிடும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். தொலைமருத்துவச் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலையும் கேட்டால், மருத்துவச் சேவைக்கு அது தேவையற்றது என்பதால் அதற்கான ஒப்புதல் செல்லாது என்று சட்டமே எடுத்துக்காட்டுடன் விளக்குகிறது.

ஆனாலும், சட்டத்தின் பெரும் பாரம் ஒப்புதல் என்ற ஒற்றைத் தூணின் மீதே நிற்கிறது. அந்தத் தூண் வலுவற்றது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, தகவல் ஏற்றத்தாழ்வு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு சீர்கெடும் என்பதை 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார்களின் சந்தையைக் கொண்டு விளக்கினார். தரவுச் சந்தையில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் அதிகம். தன் எண்ணின் மதிப்பு என்ன, நாளை அது எதனுடன் சேர்த்து ஆராயப்படும் என்பதைக் கொடுப்பவரால் கணிக்கவே இயலாது.

இரண்டாவது, பேரம் பேச இயலாமை. ஊரே பயன்படுத்தும் ஒரு செயலியைத் தனியொருவர் மட்டும் மறுத்துவிட முடியாது. வாட்ஸ்ஆப் 2021-இல் தனது கொள்கையை மாற்றியபோது, ஏற்றுக்கொள்வது அல்லது வெளியேறுவது என்ற இரண்டே வழிகளைப் பயனர்களுக்கு விட்டுவைத்தது. இது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது.

மூன்றாவது, புறவிளைவு. ஆலைக் கழிவு ஆற்றில் கலந்தால் பாதிப்பு ஆலையின் வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல. அதுபோலவே, ஒருவர் தன் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டால் அதிலுள்ள இருநூறு பேரின் எண்களும் வெளியேறுகின்றன. அந்த இருநூறு பேரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

எனவே, சிலவற்றை ஒப்புதல் இருந்தாலும் தடை செய்வதே சரியான வழி. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்கள் இதைத்தான் செய்தன. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள், கோப்புகள் ஆகியவற்றைத் தொடவே கூடாது என்றன. 'சம்மதம்' என்ற பொத்தானுக்கு அங்கே வேலையில்லை. ஆனால், இவை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களையும் அவற்றின் சார்பில் இயங்கும் செயலிகளையுமே கட்டுப்படுத்தும். இதே அணுகுமுறை பொதுச் சட்டத்திலும் இடம்பெற வேண்டும்.

இன்னொரு குறையும் கவனத்துக்குரியது. அபராதத் தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்கே செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. அலட்சியத்தால் தரவு கசிந்தால் இழப்பீடு கோர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டமோ, பாதிக்கப்பட்டவரின் இழப்பீட்டு உரிமையைத் தெளிவாக அங்கீகரிக்கிறது. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் விரிவான அதிகாரமும், தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை மத்திய அரசே நியமிப்பதும் நம்பிக்கையைக் குறைக்கின்றன. குடிமக்களின் தரவுகளை அதிக அளவில் வைத்திருப்பது அரசுதானே!

அதுவரை நம் கையில் எதுவுமே இல்லை என்று கருத வேண்டியதில்லை. கைப்பேசி எண்ணைத் தந்தால்தான் விற்பனை என்று வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே வணிகர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் தந்த தனிப்பட்ட விவரங்களைப் பிறருக்கு வெளியிடுவது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

மாநில அரசும் செய்யக்கூடியது உண்டு. இ-சேவை மையங்களில் தரவு தொடர்பான புகார்களை எழுதித் தர ஏற்பாடு செய்யலாம். தமிழில் வரவிருக்கும் அறிவிப்புகள் பத்தாம் வகுப்பு படித்தவருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும் என வலியுறுத்தலாம். பக்கம் பக்கமாக நீளும் மொழிபெயர்ப்புத் தமிழ், புரியாத ஆங்கிலத்தைவிட எந்த வகையிலும் மேலானதல்ல.

எடைக்கல்லைச் சோதிக்கும் பொறுப்பை நாம் வாங்குபவரிடம் விட்டுவிடவில்லை. எடையளவுச் சட்டம் இயற்றி, ஆய்வாளரை நியமித்து, முத்திரையைக் கட்டாயமாக்கினோம். தரவுச் சந்தைக்கும் அதே நியாயம் பொருந்தும். படிக்க இயலாத நிபந்தனைகளுக்கு இணங்கியதைக் காரணம் காட்டி, பாதிக்கப்பட்டவர் மீதே பழியைச் சுமத்துவது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது.