சிறு பசுமைக் குடிலுக்கு ஏற்ற செர்ரித் தக்காளி: விரைந்து காய்க்கும் குட்டை இனங்களைத் தெரிவு செய்தல்

மெல்பேர்ணில் தக்காளி நாற்று நடுவதற்கு உகந்த நாள் எதுவென்று வினவினால், அங்கு நெடுங்காலம் வாழ்வோர் மெல்பேர்ண் கிண்ணக் குதிரைப் பந்தய நாளையே குறிப்பிடுவர். அது நவம்பர் மாதத்தின் முதற் செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் நட்டால் இரவுக் குளிர் நாற்றைத் தாக்கும் என்பது அவர்களது பட்டறிவு. சிட்னியில் நடுகைக்காலம் சற்று முந்தியது. எனினும் மேற்குப் புறநகர்களில் குளிர்காலம் முடிந்த பின்னரும் சில இரவுகளில் உறைபனி விழக்கூடும்.

இந்த இளவேனிற் குளிரை வெல்வதற்கே வீட்டுப் பசுமைக் குடில் உதவுகிறது. ஆனால் அதே குடில் டிசம்பர், சனவரி மாதங்களில் செடிக்குப் பகையாகிவிடும். வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டும்போது தக்காளியின் மகரந்தம் பழுதடைந்து, பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்கின்றன. வெயில் நாளில் மூடிய சிறு குடில் இவ்வெல்லையை எளிதில் கடந்துவிடும். ஆகவே குடிலின் முழுப் பயன் ஆகஸ்டு இறுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரையே கிடைக்கும். இக்குறுகிய காலத்துள் காய்க்கத் தொடங்கும் இனத்தைத் தெரிவு செய்வதே குடில் வைத்திருப்போர் முதலிற் செய்யவேண்டியது.

பைக்கற்றில் உள்ள நாட்கணக்கு

விதைப் பைக்கற்றில் '60 நாள்' என்று குறிக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் நாற்றை நட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. விதை முளைத்து நடுவதற்கேற்ற நாற்றாக வளர மேலும் ஆறு வாரங்கள் வேண்டும். சிட்னியில் ஆகஸ்டு முதல் வாரத்தில் வீட்டினுள் விதைத்து, செப்டெம்பர் நடுப்பகுதியில் குடிலுக்கு மாற்றினால், 60 நாள் இனம் நவம்பர் நடுப்பகுதியில் பழம் தரும். மெல்பேர்ணில் இவை ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் பிந்திச் செய்யலாம். நவம்பர் தொடக்கத்தில் வெளியே நடப்படும் 80 நாள் இனமோ சனவரி இறுதியில்தான் பழுக்கும்.

விதை முளைக்க 20 முதல் 27 பாகை வரையான மண்வெப்பம் நல்லது. எனவே நாற்றுத்தட்டை வீட்டினுள் இளஞ்சூடான இடத்தில் வைத்து, முளைத்ததும் நல்ல வெளிச்சத்திற்கு மாற்றுங்கள்.

இரு வகை வளர்ச்சி

'இன்டிட்டர்மினேட்' எனக் குறிக்கப்பட்ட இனங்கள் கொடிபோல ஓயாது நீளும். சுவீட் 100, டொமி டோ, சன் கோல்ட் ஆகிய புகழ்பெற்ற செர்ரித் தக்காளிகள் இவ்வகையின. இவை இரண்டு மீட்டரைத் தாண்டி வளர்ந்து, சிறு குடிலின் கூரையை முட்டி, காற்றோட்டத்தைத் தடுக்கும். 'டிட்டர்மினேட்', 'புஷ்', 'டுவார்ஃப்' என்ற குறிப்புடையவை ஓரளவு உயரத்தில் நின்று, குறுகிய காலத்தில் பழங்களைத் தந்து முடிப்பன. சிறு குடிலுக்கு இவையே பொருந்தும்.

கருதத்தக்க இனங்கள்

• டைனி டிம்: 1945இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் பல்கலைக்கழகம் வெளியிட்ட பழைய இனம். 30 முதல் 45 செ.மீ. உயரம் வளரும்; ஏறத்தாழ 60 நாளில் பழுக்கும். முதன்முறை வளர்ப்போருக்கு நல்ல தொடக்கம்.

• ரெட் ரொபின்: ஏறத்தாழ 30 செ.மீ. உயரமுடையது. அடுக்குத் தட்டிலோ வெயில்படும் சாளர ஓரத்திலோ வைக்கலாம்.

• மைக்ரோ டொம்: புளோரிடா பல்கலைக்கழகம் அழகுச் செடியாக உருவாக்கியது. 15 முதல் 20 செ.மீ. வரையே வளரும். சிறுவர்கள் பராமரிப்பதற்கு ஏற்றது, விளைச்சல் குறைவு.

• டம்ப்ளிங் டொம்: கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும். தொங்கு கூடையில் வளர்த்தால் தரையில் இடம் மிஞ்சும்.

இக்குட்டை இனங்களின் பழம் பொதுவாகச் சன் கோல்ட் போன்று இனிப்பதில்லை. அச்சுவையை விரும்புவோர், குடில் இரண்டு மீட்டர் உயரமாயின், ஒரே ஒரு நெடுஞ்செடியைக் கயிற்றில் கட்டி, பக்கக் கிளைகளைக் கிள்ளி வளர்க்கலாம். குட்டைச் செடியில் பக்கக் கிளைகளைக் கிள்ளுதல் கூடாது. பழத்தின் பெரும்பகுதி அவற்றிலேயே காய்க்கும்.

குடிலினுள் பராமரிப்பு

மெல்லிய பிளாஸ்டிக் குடில், தெளிந்த இரவில் வெளிக்குளிரிலிருந்து மிகச் சிறிதளவே காக்கும். உறைபனி எதிர்பார்க்கப்படும் இரவுகளில் சாடிகளை வீட்டினுள் எடுத்து வைப்பது உத்தமம். குட்டைச் செடிகளில் இது எளிது. பகலில் உள்வெப்பம் 28 பாகையை நெருங்கியதும் கதவைத் திறந்துவிடுங்கள். நவம்பர் முதல் நிழல்வலை இடுங்கள்.

தக்காளிப் பூ அதிர்வினால் மகரந்தம் உதிர்ப்பது. ஏனைய நாடுகளில் குடில்களில் பயன்படும் பம்பிள்பீ என்னும் பெருந்தேனீ அவுஸ்திரேலியப் பெருநிலத்தில் இல்லை. நீலப்பட்டைத் தேனீ என்ற உள்நாட்டு இனம் இப்பணியைச் செய்யும். ஆனால் மூடிய குடிலுள் அது நுழைவதில்லை. ஆதலால் முற்பகலில் பூங்கொத்துகளை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள்.

கோடை நெருங்கும்போது குயின்ஸ்லாந்துப் பழ ஈ தக்காளியில் முட்டையிடும். நவம்பரில் பறிக்கத் தொடங்கும் இனம் அதன் தாக்குதலிலிருந்து ஓரளவு தப்பலாம். கதவிலும் காற்றுவழியிலும் நுண்வலை பொருத்தினால் மேலும் பாதுகாப்பு.

சாடி மண்: உடல்நல எச்சரிக்கை

பைகளில் விற்கப்படும் சாடி மண்ணில் லெஜியோனெல்லா என்னும் பக்டீரியா இருக்கக்கூடும். அதன் தூசியைச் சுவாசிப்பதால் கடுமையான நுரையீரல் அழற்சி ஏற்படலாம். முதியோர், புகைபிடிப்போர், நோயெதிர்ப்பு குன்றியோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். காற்றோட்டமான இடத்தில் பையை மெதுவாகத் திறந்து, மண்ணை நனைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து வேலை செய்யுங்கள். பின்னர் கைகளை நன்கு கழுவுங்கள். அதன்பின் காய்ச்சலும் இருமலும் கண்டால், மண்ணைக் கையாண்டதை வைத்தியரிடம் கூறுங்கள்.

ஊரிலிருந்து விதை கொண்டுவரலாமா?

அம்மா தந்தனுப்பிய ஊர்த் தக்காளி விதையை இங்கும் நடவேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆயினும் தக்காளி விதை இறக்குமதி கடும் பரிசோதனை விதிகளுக்கு உட்பட்டது. பயணப் பெட்டியிலோ அஞ்சலிலோ கொண்டுவருதல் தகாது. 2024 ஆகஸ்டில் தென் அவுஸ்திரேலியாவில், அடிலெயிடுக்கு வடக்கே, தக்காளிப் பழத்தைச் சுருங்கச் செய்து பழுப்பாக்கும் வைரசு ஒன்று முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. மனிதருக்கு அது தீங்கற்றது. ஆனால் விதை, கை, கருவி ஆகியவற்றின் மூலம் பரவித் தோட்டங்களை அழிக்கவல்லது. எனவே விதைகளை இங்குள்ள கடைகளிலேயே வாங்குங்கள். கைவசம் விதை இருப்பின், விமான நிலையத்தில் தவறாது வெளிப்படுத்துங்கள்.

தொடர்புகளும் அனுமதியும்

செடிகளில் அறிமுகமில்லாத நோய் அறிகுறி தென்பட்டால் 1800 084 881 என்ற அயல்நாட்டுப் பயிர்ப்பீடை அழைப்பு எண்ணுக்கு அறிவியுங்கள். சிறு குடில்களுக்குப் பெரும்பாலும் கட்டட அனுமதி தேவைப்படுவதில்லை. எனினும் அளவு, எல்லைத் தூரம் பற்றிய விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் வாழ்வோர் உரிமையாளரிடமோ நிர்வாகக் குழுவிடமோ முன்னனுமதி பெறவேண்டும். அமைப்பதற்கு முன் சபையிடம் கேட்டறிய விரும்பினால், 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் ஊடாகச் சபையுடன் பேசலாம்.