மென்பொருளுக்கு மற்றொரு மொழி வேண்டுமா?

நம் உடுமலைப்பேட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குச் சென்றிருக்கும் தோழியர் அனைவரும் பம்புசெட்டைப் பார்த்திருப்பீர்கள். முற்காலத்தில் ஆயில் என்ஜின் ஓரிடத்திலும் பம்பு வேறிடத்திலும் இருக்கும். இரண்டையும் ஒரு பெல்ட் இணைக்கும். பின்னர் மோனோபிளாக் வந்தது. அதில் மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் பொருத்தப்பட்டு, ஒரே பொருளாகக் கிடைக்கின்றன. மென்பொருள்களிலும் இவ்வாறே இரு வகைகள் உண்டு.

கணிப்பொறிக்குப் புரிவன 0, 1 என்னும் இரண்டு குறிகளே. ஆகவே மனிதர் எழுதும் நிரலை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். சி++ மொழியில் எழுதிய நிரல் முன்கூட்டியே முழுவதும் மொழிபெயர்க்கப்பட்டு நம்மிடம் வருகிறது. பயன்படுத்துவோரிடம் அம்மொழி இருக்கத் தேவையில்லை. 1991 இல் வெளிவந்த பைத்தான் அப்படியன்று. நிரல் ஓடும் வேளையில்தான் மொழிபெயர்ப்பு நடைபெறுகிறது. எனவே மொழிபெயர்ப்பாளரும் நம் கணிப்பொறியிலேயே இருக்கவேண்டும். 1995 இல் வந்த ஜாவாவுக்கும் இதுபோன்ற ஒரு துணை தேவை. அதனால்தான் சில மென்பொருள்கள், "முதலில் அந்த மொழியை நிறுவிவிட்டு என்னிடம் வா" என்கின்றன.

தமிழிலேயே நிரல் எழுத உதவும் 'எழில்' என்னும் மொழி இதற்கு நல்ல சான்று. இதை உருவாக்கியவர் முத்து அண்ணாமலை. 2009 இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். இதில் 'பதிப்பி' என்று எழுதினால் விடை திரையில் தோன்றும். 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்னும் நம் வீட்டுச் சொற்களே கட்டளைகள். ஆனால் எழில் பைத்தானில் எழுதப்பட்டது. அதன் மூல நிரலை இயக்கப் பைத்தான் வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த சிறுமி, தமிழ் நிரலைத் தொடுவதற்கு முன் ஆங்கிலக் குறிப்புகளைக் கடக்க வேண்டியிருக்கிறது!

2019 இல் வந்த நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில், சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடம் ஒன்று உண்டு. அதற்குப் பைத்தானும் வேண்டும், மின்ஜிடபிள்யூ என்னும் சி++ மொழிபெயர்ப்பியும் வேண்டும். என் பெரியப்பா மகள் இதை வீட்டில் செய்து பார்க்க முயன்றாள். கைப்பேசியின் இணையத்தைக் கொண்டு பைத்தானை இறக்கி நிறுவினாள். கட்டளை இட்டால், "அப்படியொன்று இல்லை" என்றே பதில் வந்தது. இரவு பதினொரு மணி வரை போராடிவிட்டு, "இந்தப் பாடம் எனக்கு வராது கண்ணு" என்று கண்கலங்கினாள். மறுநாள் அவளுடைய ஆசிரியை பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. நிறுவும்போது 'பாத்' என்னும் ஒரு சிறு கட்டத்தில் குறியிட மறந்திருந்தாள், அவ்வளவுதான்!

தனியாக நிறுவச் சொல்வதிலும் நன்மை இல்லாமலில்லை. ஒரே ஆயில் என்ஜின் பம்பையும் ஓட்டும், கரும்பு ஆலையையும் ஓட்டும். அதுபோல ஒரு பைத்தான் பல மென்பொருள்களுக்கு உதவும், இடம் மிச்சம். அதில் குறை கண்டால் ஒரு முறை சரிசெய்தால் போதும். ஆனால் பதிப்பு மாறினால் தொல்லை. பைத்தான் 2 க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. அதற்காக எழுதிய நிரல்கள் பல பைத்தான் 3 இல் ஓடுவதில்லை. விண்டோஸுக்கான லிப்ரே ஆபீஸ், தனக்கு வேண்டிய பைத்தானை மோனோபிளாக் போலத் தன்னுள்ளேயே கொண்டுவருகிறது. அதே தொகுப்பிலுள்ள 'பேஸ்' என்னும் பகுதியின் சில வேலைகளுக்கோ, ஜாவாவை நாம் தனியே நிறுவவேண்டும்.

என் கருத்து இது. நிரல் எழுதக் கற்கும் மாணவிக்கு மொழியை நிறுவுவதும் ஒரு பாடமே. அதை அவள் கற்கட்டும். கடிதம் எழுதும் சிஸ்டருக்கும், கடைக் கணக்குப் பார்க்கும் தந்தைக்கும் அந்தச் சுமை எதற்கு? அவர்களுக்கான மென்பொருள் தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவர வேண்டும். இயலாவிட்டால், எந்த மொழி, எந்தப் பதிப்பு, எவ்வளவு இடம் என்பதை முதல் பக்கத்திலேயே தமிழில் சொல்லவேண்டும்.

தோழியரே, அடுத்த ஆண்டு நம்மில் பலர் கணினி அறிவியல் பிரிவில் சேரப்போகிறோம். முதல் நாள் ஓடவில்லை என்பதற்காக, "எனக்கு வராது" என்று சொல்லிவிடாதீர்கள். குறை நம் அறிவில் இல்லாமல், குறியிடாத ஒரு கட்டத்தில் இருக்கலாம். ஆசிரியையிடம் கேளுங்கள். என் அக்கா கேட்டாள். அன்று மாலையே அவள் நிரல் ஓடியது.