ரொக்கம் மட்டும்!

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பெங்களூர் நகரத்துச் சில்லறைக் கடைகளில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. யந்திர வித்தையில் தன்னை மிஞ்சிய ஊர் இந்தியாவில் இல்லை என்று பெருமை பேசிக் கொள்ளும் பட்டணம் இது. இளநீர்க்காரன் முதல் நகைக் கடை முதலாளி வரையில் எல்லோரும் கைபேசி மூலமாகவே பணம் வாங்கிக் கொண்டிருந்தார்கள். அப்படியிருக்க, பேக்கரி வாசலிலும், பால் கடையிலும், காய்கறித் தள்ளுவண்டியிலும் ஒட்டியிருந்த கறுப்புக் கட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. அவை இருந்த இடத்தில், நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில், "யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்" என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினார்கள். நான் குடியிருக்கும் அல்சூர்ப் பக்கத்தில் தமிழிலும் ஒன்றிரண்டு காணப்பட்டன.

இந்தத் திடீர் வைராக்கியத்துக்குக் காரணம் ஒரு கடிதம். கர்நாடக சர்க்காரின் வணிக வரி இலாகா, யுபிஐ மூலம் பணம் பட்டுவாடா செய்யும் நிறுவனங்களிடமிருந்து 2021-22 முதல் 2024-25 வரையில் நான்கு வருஷக் கணக்குகளை வாங்கிப் பார்த்தது. வருஷத்தில் 40 லட்ச ரூபாய்க்கு மேல் பணம் வந்திருந்தும் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்து கொள்ளாத சுமார் 6,000 வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு, நான்கு வருஷத்தில் 1 கோடியே 63 லட்சம் ரூபாய் வரவு வந்திருப்பதால் 29 லட்சம் ரூபாய் வரி கட்ட வேண்டுமென்று நோட்டீஸ் வந்ததாகப் பத்திரிகைகளில் படித்தோம். காய்கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். யந்திரத்துக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தொகை ஒன்றுதான். அந்தத் தொகை கத்தரிக்காய்க்கா, கைக்கடிகாரத்துக்கா என்று அது கேட்டுக் கொள்வதில்லை.

இந்த யுபிஐ நம் வாழ்க்கையில் புகுந்த கதையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். தேசியப் பட்டுவாடாக் கழகம் இதை உருவாக்க, 2016 ஏப்ரல் 11-ம் தேதி அப்போது ரிசர்வ் பாங்கு கவர்னராயிருந்த ரகுராம் ராஜன் ஆரம்பித்து வைத்தார். அவ்வருஷம் நவம்பர் 8-ம் தேதி இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுக்கள் செல்லாது என்று பிரதம மந்திரி அறிவித்தார். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பாகம் ஒரே இரவில் செல்லாக் காசாயிற்று. பாங்கு வாசலில் வரிசையாய் நின்று கால் கடுத்த ஜனங்களுக்கு, வேறொரு வழி இருக்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு 2020 ஜனவரி முதல் யுபிஐ வியாபாரத்துக்கு பாங்குகள் கட்டணம் பிடிக்கக் கூடாதென்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. இனாமாகக் கிடைத்தால் யார் வேண்டாமென்பார்கள்? 2025 ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் நம் தேசத்தில் 2,000 கோடித் தடவைக்கு மேல் இவ்விதம் பணம் கை மாறியிருக்கிறது.

கடைக்காரர்கள் இதை ஏற்றுக் கொண்டதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது, சில்லறைத் தொல்லைதான். "பதினேழு ரூபாய்க்கு இருபது கொடுத்தால் மூன்று ரூபாய்க்கு எங்கே போவேன் ஸார்?" என்று கேட்டு மிட்டாயைக் கையில் திணித்த காலம் நேயர்களுக்கு மறந்திராது. கறுப்புக் கட்ட அட்டை வந்ததும் அந்த மிட்டாய் வியாபாரம் படுத்துவிட்டது. கள்ள நோட்டுப் பயமில்லை. கல்லாப்பெட்டியில் கை வைக்கும் கடைப் பையனைப் பற்றிய கவலையில்லை. அப்புறம் ஒரு சிறு ஒலிபெருக்கிப் பெட்டியும் வந்து சேர்ந்தது. கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே டீ ஆற்றிக் கொண்டிருக்கலாம். இன்ன தொகை வந்து சேர்ந்தது என்று அந்தப் பெட்டி கூவிவிடும். அந்தக் கட்டக் குறி, ஜப்பான் தேசத்தில் மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கெடுப்பதற்காக 1994-ல் உண்டாக்கியது. அது மல்லேசுவரத்துக் கீரைக் கூடையில் வந்து உட்காருமென்று அதைக் கண்டு பிடித்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நோட்டீஸ் வந்த சமயத்தில் ஜனங்கள் சொன்ன அபிப்பிராயங்களைக் கேட்பதே ஒரு படிப்பாயிருந்தது. எங்கள் தெருவில் பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். "மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயம் ஏன்?" என்று அவர் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி வாலிபருக்கு உண்மையிலேயே கோபம். "எனக்குச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே வரியைப் பிடித்துக் கொள்கிறார்கள். நான் அட்டையைக் கழற்றி வைக்க முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எண்பது லட்சம், ஒரு கோடி என்று வியாபாரம் செய்து கொண்டு ஒரு பைசா வரி கட்டாதவர்களும் அந்த ஆறாயிரம் பேரில் நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஒழுங்காகப் பதிவு செய்து வரி கட்டும் அடுத்த கடைக்காரனுக்கு அவர்கள் செய்வது துரோகம்.

ஆனால் தெருக்கோடியில் பால் கடை வைத்திருக்கும் அம்மாள் சொன்னது வேறு மாதிரி இருந்தது. தர்மபுரி ஜில்லாவிலிருந்து இருபது வருஷத்துக்கு முன் வந்து, புருஷனும் மனைவியுமாகக் காலை ஐந்து மணிக்குக் கடை திறப்பவர்கள். பால், ரொட்டி, பன், பிஸ்கோத்து, சிகரெட்டு இவைதான் சரக்கு. "வரி கட்ட மாட்டேன்னு நான் சொல்லலே ஸார். என்ன கட்டணும்னு எவனும் வந்து சொல்லலே. நாலு வருஷம் கழிச்சு வந்து கேட்டா, நாலு வருஷத்துக்கு முன்னே பன்னு தின்னவனை நான் எங்கே தேடறது?" என்றார். விற்பனை வரி என்பது வாங்குகிறவன் கொடுத்து, விற்கிறவன் சர்க்காருக்குச் சேர்ப்பிக்க வேண்டிய வரி. வாங்கியவன் கொடுக்காமலே போன பிறகு அதை விற்றவன் கையிலிருந்து கேட்டால், அது விற்பனை வரியாயிராமல் அபராதமாகிவிடுகிறது. பெரிய புத்தகங்களில் பல பக்கம் எழுதியிருக்கும் விஷயத்தை அந்த அம்மாள் ஒரு பன்னை வைத்துச் சொல்லிவிட்டார்.

40 லட்சம் என்றால் காதுக்குப் பெரிதாயிருக்கிறது. 365 நாளால் வகுத்துப் பாருங்கள்: தினம் 11,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. நெரிசலான தெருவில் பாலும் ரொட்டியும் விற்கும் கடையில் இது நடக்கக் கூடிய வியாபாரந்தான். அதில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் மிஞ்சுகிறதென்று வைத்துக் கொண்டால், புருஷன் பெண்சாதி இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 550 ரூபாய். கடை வாடகையும் விளக்குச் செலவும் அதற்குள்ளே. முழுத் தொகைக்கும் 18 சதவிகிதம் போட்டால் நாளொன்றுக்கு 1,980 ரூபாய் வரி! சம்பாதிப்பதைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டும்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பாலுக்கும் ரொட்டிக்கும் வரியில்லை. வரியில்லாத சரக்கை மட்டுமே விற்கிறவர் எத்தனை கோடிக்கு விற்றாலும் பதிவு செய்து கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கூடவே ஒரு சிகரெட்டுப் பெட்டியையும் பிஸ்கோத்துப் பொட்டலத்தையும் வைத்துவிட்டாலோ, பதிவுக்குரிய வரம்பைக் கணக்கிடும்போது பால் விற்ற தொகையையும் கூட்டிக் கொள்ள வேண்டும். வரி மட்டும் சிகரெட்டுக்கும் பிஸ்கோத்துக்குந்தான். சட்டம் படித்தவர்களையே ஒரு நிமிஷம் யோசிக்க வைக்கும் இந்த விதியைப் பால் கடைக்காரர் தாமாகவே தெரிந்து கொண்டிருக்க வேண்டுமென்று சர்க்கார் எதிர்பார்க்கிறது.

அது மட்டுமா? கைபேசிக்கு வந்த பணமெல்லாம் விற்ற பணமா? மைத்துனன் கைமாற்றுக் கொடுத்தது, சீட்டு எடுத்தது, ஊரில் நிலம் விற்று அண்ணன் அனுப்பியது எல்லாம் அதே கணக்கில்தான் விழுகின்றன. "ஐந்நூறு ரூபாய் அனுப்புகிறேன், ரொக்கமாய்க் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. பெங்களூரில் ஏ.டி.எம். தேடி அலைவதைவிடப் பெட்டிக்கடை பக்கத்தில் இருக்கிறதல்லவா? அந்த ஐந்நூறில் கடைக்காரருக்கு ஒரு தம்பிடி லாபமில்லை; யந்திரத்தின் கணக்கில் அது விற்பனை. நோட்டீஸ் என்பது விளக்கம் கேட்கும் கடிதமே தவிர, முடிவான உத்தரவு அல்ல என்று இலாகா பின்னால் தெளிவு செய்தது. சரிதான். ஆனால் விளக்கம் எழுதுவதற்கு ஆடிட்டர் வேண்டும்; ஆடிட்டருக்குப் பணம் வேண்டும்.

வியாபாரிக்கும் விற்பனை வரிக்கும் உள்ள மனஸ்தாபம் புதிதல்ல. இந்தியாவிலேயே முதன் முதலாகப் பொது விற்பனை வரி போட்டது நமது சென்னை மாகாணந்தான். 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்த ராஜாஜி மந்திரி சபை, கள்ளுக் கடை வருமானம் போன இடத்தை நிரப்புவதற்கு 1939-ல் அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தது. வர்த்தகர்கள் பலமாக எதிர்த்தார்கள். ஆனால் அந்த வரி எதற்காக என்பது ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. குடிகாரன் வீட்டில் அடுப்பு எரிவதற்காகக் கொடுக்கும் காசு என்று மனசைத் தேற்றிக் கொள்ள இடமிருந்தது. இப்போது வரியின் நோக்கத்தை விட்டுத் தள்ளுங்கள், விகிதமே புரிவதில்லை. 2024 செப்டம்பரில் கோயமுத்தூரில் நடந்த கூட்டத்தில் ஹோட்டல் அதிபர் ஒருவர் நிதி மந்திரியிடம், பன்னுக்கு வரியில்லை, அதில் க்ரீம் தடவினால் 18 சதவிகிதம் என்றால் எப்படிக் கணக்குப் போடுவது என்று முறையிட்டார். தமிழ்நாடே சிரித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பேக்கரிப் பண்டங்கள் பலவற்றின் வரி 5 சதவிகிதமாகக் குறைந்தது. சிரிப்புக்கும் சில சமயம் பலன் உண்டு போலும்.

அட்டையைக் கழற்றியது விவேகமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ரொக்கமாக வாங்கினாலும் கைபேசியில் வாங்கினாலும் வரி ஒன்றுதான் என்று இலாகா சொன்னது முற்றிலும் உண்மை. மேலும், அந்தக் கணக்கே சிறு வியாபாரிக்கு பாங்குக் கடன் வாங்கிக் கொடுக்கக் கூடிய சாட்சி. ஆனால் அவர்களுக்கு அந்த அவநம்பிக்கை ஏன் உண்டாயிற்று என்பதை மாடி வாலிபரும் பாங்குப் பெரியவரும் யோசிக்கவில்லை. வதந்திகளுக்கும் குறைவில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால் அனுப்பியதற்கே வரி என்று ஒரு புரளி கிளம்பி, 2025 ஏப்ரலில் மத்திய நிதி இலாகா அதை மறுக்க வேண்டியிருந்தது. விதியைச் சொல்ல வேண்டியவர்கள் மௌனமாயிருந்தால் வதந்திதான் வாத்தியாராகும்.

எனக்கு ஆற்றாமையாயிருப்பது இது ஒன்றுதான். நான்கு வருஷம் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிக் கொண்டிருந்த யந்திரம் ஏன் முதல் வருஷமே வாய் திறக்கவில்லை? பத்து ரூபாய் வந்தால்கூடத் தெரு முழுவதும் கேட்கும்படி கூவுகிற பெட்டியாயிற்றே! "இவ்வருஷம் இதுவரையில் முப்பது லட்சம் வந்திருக்கிறது, நாற்பதைத் தாண்டினால் பதிவு செய்து கொள்ளவும்" என்று கடைக்காரரின் கைபேசிக்குக் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு வரிச் செய்தி அனுப்புவது பிரமாதமான காரியமா? அப்படி முன்கூட்டித் தெரிந்திருந்தால் பால் கடை அம்மாள் சுருக்க வரித் திட்டத்தில் சேர்ந்திருக்கலாம். வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி வரையில் வியாபாரம் செய்கிறவர்கள், வரிக்குரிய சரக்கு விற்ற தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டினால் போதும் என்ற திட்டம் அது. அதை வாங்குகிறவரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஐயாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு ஐம்பது ரூபாய்! இதற்கு எவரும் அட்டையைக் கழற்றியிருக்க மாட்டார்கள். தவறு செய்ய விட்டுக் காத்திருந்து பிடிப்பதற்கு யந்திரத்தை உபயோகிக்கிற சர்க்கார், தவறுக்கு முன்னால் எச்சரிப்பதற்கு அதே யந்திரத்தை உபயோகிக்கலாம். இரண்டுக்கும் செலவு ஒன்றுதான்.

ஜூலை 25-ம் தேதி கடையடைப்பு என்று வியாபாரிகள் அறிவித்திருந்தார்கள். 23-ம் தேதி முதல் மந்திரி சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசினார். பால், காய்கறி, பழம், மாமிசம் போன்ற வரியில்லாச் சரக்கு விற்றவர்களிடம் வரி கேட்கப்படாது, மற்றவர்களும் பதிவு செய்து கொண்டால் பழைய பாக்கியை வற்புறுத்தப் போவதில்லை என்று அவர் சொன்னதன் பேரில் கிளர்ச்சி அடங்கிற்று. அட்டைகளும் மெள்ள மெள்ளத் திரும்பி வந்தன.

அந்த வாரத்தில் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு இந்த நாற்பது லட்சக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். மளிகைக் கடைக்காரர் பிள்ளை ஒருவன் எழுந்து, "ஸார், கடனுக்குக் கொடுத்த சாமானும் விற்பனையிலே சேருமா?" என்று கேட்டான். சேரும் என்றேன். "அவர்கள் பணம் தராமலே வீடு காலி பண்ணிக் கொண்டு போய்விட்டால்?" என்றான். அப்போதும் சேரும், வராத கடனுக்கு இந்த வரியில் கழிவு கிடையாது என்று சொன்னேன். அவன் அதை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக் கொண்டான்.