வழிவிட்டு நிறுத்தும் வலை

கொடைக்கானலுக்குச் சென்று வந்த வாசகர்கள் அங்குள்ள கோல்ஃப் மைதானத்தைப் பார்த்திருக்கலாம். 1895-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மன்றத்துக்குரியது அது. நன்றாக அடிக்கத் தெரிந்தவர் ஓங்கி அடித்தால் பந்து இருநூறு மீட்டருக்கும் அப்பால் போய் விழும். இந்த ஆட்டத்துக்கு முதல் தேவை, மட்டையும் பந்தும் அல்ல, இடம்.

மதுரையின் தென்கோடியில், நான் குடியிருக்கும் வில்லாபுரத்தில், அந்த இடத்துக்கு எங்கே போவது? வீட்டு வசதி வாரியக் குடியிருப்பும் அதைச் சுற்றி நெருக்கமான தெருக்களுமாக உள்ள பகுதி இது. வானத்தைப் பார்க்க வேண்டுமானால் மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும்.

என் மாணவர் ஒருவர் இரண்டு கோடை விடுமுறைகளில் மலை மைதானம் ஒன்றில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது பழைய இரும்பு மட்டை ஒன்றையும் தேய்ந்த பந்துகள் பத்துப் பன்னிரண்டையும் கொண்டுவந்தார். "பை தூக்குகிறவன் ஆடக் கூடாதா, சார்?" என்பது அவர் கேள்வி. ஆடலாம். பெங்களூரில் பை சுமப்பவராகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்திய ஓபன் பட்டத்தையே வென்றிருக்கிறார். ஆனால் பழகுவதற்கு இடம்?

இடம் இல்லாதவர்களுக்கு உள்ள ஒரே வழி, பந்து புறப்பட்டவுடனே அதைப் பிடித்துவிடும் வலை. மாணவர் தாமே மாடியில் வலை கட்டினார். மூன்று முறை தோற்றார். முதல் முறை, பந்து வலையின் கண்ணிக்குள் புகுந்து சென்று பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பதம் பார்த்தது. இரண்டாம் முறை, வலையில் பட்ட பந்து அதே வழியில் திரும்பி அவர் காதோரமாகப் பறந்தது. மூன்றாம் முறை பந்து ஒன்றும் செய்யவில்லை. இரவில் அடித்த காற்று வலையைச் சட்டத்தோடு தூக்கித் தெருவில் போட்டது. நல்லவேளை, தெருவில் ஆள் இல்லை.

மறுநாள் அவர் என்னிடம் வந்தார். மூன்று தோல்விகளுக்கும் காரணம் அவருடைய பாடப் புத்தகத்திலேயே இருந்தது. அதை இருவருமாகத் தேடிய கதைதான் இக்கட்டுரை.

பந்தின் ஆற்றல்

கோல்ஃப் பந்தின் நிறை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இவை ஆட்ட விதிகள். நன்றாக அடிபட்ட பந்து நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். மணிக்கு 216 கிலோமீட்டர்! தொழில்முறை ஆட்டக்காரர்கள் அடித்தால் இது 70 மீட்டரையும் தாண்டும்.

இயக்க ஆற்றல், நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி வருவதில் பாதி என்று படித்திருக்கிறீர்கள். 0.046 கிலோகிராமை 60-இன் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால், ஏறத்தாழ 83 ஜூல். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் 160 கிராம் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் 72 ஜூல்தான். மூன்றரை மடங்கு கனமான பந்தைவிட இந்தச் சிறிய பந்து அதிக ஆற்றலைச் சுமந்து வருகிறது. வேகத்தின் இருமடி செய்யும் வேலை அது. "சின்னப் பந்துதானே" என்று எண்ணிவிடாதீர்கள்.

கண்ணி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

முதல் தோல்விக்கு வருவோம். மாணவர் வாங்கியது பழைய மீன் வலை. அதன் கண்ணி ஒவ்வொன்றும் 35 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம். பந்தின் விட்டமோ 42 மில்லிமீட்டருக்கும் மேல். "பந்தைவிடக் கண்ணி சிறியது, பிறகு எப்படிப் புகுந்தது?" என்று அவர் வியந்தார்.

கண்ணி மரச்சட்டம் அல்ல, நூல். பந்து அழுத்தும்போது சதுரம் வட்டமாகிவிடும். எனவே ஒப்பிட வேண்டியது கண்ணியின் பக்கத்தையும் பந்தின் விட்டத்தையும் அல்ல, இரண்டின் சுற்றளவையும். பந்தின் சுற்றளவு 42.67-ஐ 3.14-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 134 மில்லிமீட்டர். கண்ணியின் சுற்றளவு 35-இன் நான்கு மடங்கு, அதாவது 140. பந்துக்கு வாசல் திறந்தே இருந்திருக்கிறது!

எல்லை எது? 134-ஐ நான்கால் வகுத்தால் 33.5 மில்லிமீட்டர். ஆனால் நைலான் இழுத்தால் நீளும். முடிச்சும் கொஞ்சம் நழுவும். ஆகவே 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலக் கண்ணியே பாதுகாப்பானது. அதன் சுற்றளவு 100 மில்லிமீட்டர். பந்து புக வேண்டுமானால் நூல் மூன்றில் ஒரு பங்குக்குமேல் நீள வேண்டும்.

வலை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. மீன் வலையின் கண்ணியைப் பெரும்பாலும் இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளப்பார்கள். அந்த அளவு, பக்கத்தைப் போல் இரு மடங்கு. கடையில் "ஐம்பது" என்று சொன்னால் அது எந்த அளவு என்று கேளுங்கள். இழுத்து அளந்த ஐம்பது என்றால் பக்கம் 25, நமக்கு ஏற்றது. பக்கமே ஐம்பது என்றால் பந்து சிரித்துக்கொண்டே போய்விடும்.

இழுத்துக் கட்டலாமா?

இரண்டாம் முறை மாணவர் சரியான கண்ணியுள்ள வலையைத்தான் கட்டினார். ஆனால் பூப்பந்து வலைபோல் நான்கு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டினார். பலமாகக் கட்டினால் பலமாகத் தடுக்கும் என்பது அவர் எண்ணம். நம்மில் பலருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வில்லாபுரத்தை அடுத்துள்ள அவனியாபுரத்தில் பொங்கலன்று ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. வாடிவாசலுக்கு முன்னால் தென்னைநார்க் கழிவைத் தடிமனாகப் பரப்பியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். வெறுந்தரையில் விழுந்தாலும் நாரில் விழுந்தாலும் வீரரின் வேகம் ஒன்றுதான். நார் அமுங்கி இடம் கொடுப்பதால் அவர் நிற்பதற்குச் சற்றுக் கூடுதலான தூரம் கிடைக்கிறது. தூரம் கூடினால் விசை குறைகிறது.

பந்துக்கும் இதே கணக்குத்தான். ஆற்றலை நிறுத்தும் தூரத்தால் வகுத்தால் சராசரி விசை கிடைக்கும். விறைப்பான வலை 5 சென்டிமீட்டர்தான் உள்வாங்கியது என்றால், 83-ஐ 0.05-ஆல் வகுக்க 1,660 நியூட்டன். ஏறத்தாழ 170 கிலோகிராம் எடை! தளர்வாகத் தொங்கும் வலை அரை மீட்டர் உள்வாங்கினால் விசை 166 நியூட்டன். 17 கிலோகிராம் எடை மட்டுமே. நூலுக்கும் முடிச்சுக்கும் சட்டத்துக்கும் பத்தில் ஒரு பங்கு வேலைதான்.

பந்து திரும்பி வந்தது ஏன்? விறைப்பான நைலான் ஒரு வில். பந்தின் ஆற்றலை வாங்கிச் சேமித்து, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் சிறுவயதில் கோல்ஃப் பந்து ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடிச்சுவரில் எறிந்து, திரும்பி வரும் பந்தைக் கிரிக்கெட் ஸ்டம்பால் அடித்துப் பழகினார் என்பது புகழ்பெற்ற செய்தி. அவருக்குப் பந்து திரும்பி வர வேண்டும். நமக்கு வரக் கூடாது.

தளர்ந்த வலை ஆற்றலை வேறு விதமாகக் கையாளுகிறது. பந்து தன்னோடு அரை கிலோகிராம் வலையையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். உந்தம் அழியாது. பந்தின் உந்தம் 0.046-ஐ 60-ஆல் பெருக்க 2.76. இப்போது அதைச் சுமப்பது 0.546 கிலோகிராம். எனவே வேகம் நொடிக்கு 5 மீட்டராகக் குறைகிறது. எஞ்சிய இயக்க ஆற்றல் 7 ஜூல்! மற்றவற்றில் பெரும்பகுதி நூலுக்கு நூல் உராய்வதிலும் முடிச்சுகள் இறுகுவதிலும் வலையின் அதிர்விலும் செலவாகி, வெப்பமாகிறது. எஞ்சியதையும் வலை பின்னால் போய் மேலெழுவதில் செலவழிக்கிறது. பந்து களைத்துக் கீழே விழுகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் மாணவர் வீட்டிலிருந்து பழைய பவானி ஜமுக்காளம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை வலைக்கு முன்னால் ஓர் அடி தள்ளி, மேல் விளிம்பை மட்டும் கட்டித் தொங்கவிட்டோம். கனமான துணி, கீழே கட்டு இல்லை. பட்ட பந்து தொப்பென்று காலடியில் விழுந்தது. பின்னால் உள்ள வலைக்கு, துணியில் படாமல் தப்பும் பந்துகளைப் பிடிக்கும் வேலைதான் மிச்சம்.

பந்தைவிடப் பெரிய பகைவன்

மூன்றாம் தோல்விதான் வியப்பானது. நொடிக்கு 60 மீட்டர் வேகப் பந்தால் சாயாத சட்டம், காற்றில் சாய்ந்தது ஏன்?

சட்டத்தின் நிறை 6 கிலோகிராம். பந்தின் உந்தம் முழுவதையும் சட்டமே வாங்கினாலும் அதன் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. தரையின் உராய்வு அதை ஓர் அங்குலத் தொலைவில் நிறுத்திவிடும். பந்தின் தாக்குதல் நொடியில் அறுபதில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது. காற்றோ விடாமல் தள்ளுகிறது.

மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று, குறுக்கே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 60 நியூட்டன் விசை தருகிறது. நம் வலை 2.4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம், பரப்பு 5.76 சதுர மீட்டர். வலை முழுவதும் ஓட்டைதானே என்பீர்கள். 25 மில்லிமீட்டர் கண்ணிக்கு 2 மில்லிமீட்டர் நூல் என்றால், பரப்பில் சுமார் 15 விழுக்காட்டை நூல் அடைத்துக்கொள்கிறது. அது 0.9 சதுர மீட்டர். விசை ஏறத்தாழ 53 நியூட்டன். இது 1.2 மீட்டர் உயரத்தில் செயல்படுவதால் கவிழ்க்கும் திருப்புத்திறன் 64 நியூட்டன் மீட்டர். சட்டத்தின் எடை 59 நியூட்டன். அடித்தளத்தின் ஆழம் 1.2 மீட்டர். எனவே கவிழாமல் காக்கும் திருப்புத்திறன், 59-ஐ 0.6-ஆல் பெருக்க 35 மட்டுமே. சட்டம் விழாமல் என்ன செய்யும்? ஜமுக்காளமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

மருந்து எளிது. பத்துக் கிலோ மணல் நிரப்பிய பழைய சாக்குகள் நான்கு. அடித்தளத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று. காற்று எத்திசையில் வந்தாலும், அந்தப் பக்கத்துச் சாக்குகள் இரண்டும் எதிர் விளிம்பிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருப்பதால் 235 நியூட்டன் மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். மணலை வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம். சாக்கை மட்டும் மடித்து எடுத்துச் சென்று, போன இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். ஆடி மாதக் காற்றில் சாக்கையும் நம்பாதீர்கள். ஆட்டம் முடிந்தவுடன் வலையை இறக்கிவிடுங்கள்.

மடக்கும் சட்டம்

இறக்கிவிட வேண்டுமானால் எளிதில் மடங்க வேண்டும். மேலும், மொட்டை மாடி இந்த ஆட்டத்துக்கு உரிய இடமே அல்ல. வலையைத் தப்பும் ஒரே ஒரு பந்து, தெருவில் போகும் குழந்தையின் கண்ணைப் பறித்துவிடும். மாணவர் இப்போது விடியற்காலையில் ஊருக்கு வெளியே ஆளில்லாத பொட்டலுக்குச் சைக்கிளில் செல்கிறார். ஆகவே சட்டம் சைக்கிளில் அடங்க வேண்டும்.

2.4 மீட்டர்க் குழாய் ஒவ்வொன்றையும் 1.2 மீட்டர் கொண்ட இரண்டு துண்டுகளாக வெட்டினோம். பசை போடாமல் இணைப்புக்குள் செருகுவதுதான். ஒரு தூணுக்குரிய துண்டுகளின் உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. எது எதோடு சேரும் என்று தேட வேண்டியதில்லை. துண்டுகள் தொலைவதும் இல்லை.

திண்ணிய கம்பிக்குப் பதிலாகக் குழாய் ஏன்? மூங்கிலைப் பாருங்கள். வளைவை எதிர்ப்பது நடுவில் உள்ள பொருள் அல்ல; ஓரத்தில் உள்ள பொருள். சுவரின் தடிமனை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரு மடங்காக்கினால் எடை ஏறத்தாழ இரு மடங்காகும். வளையாத தன்மையோ எட்டு மடங்காகும்.

குழாயில் நேராகப் படும் பந்து, சுவரில் பட்டதுபோல் திரும்பி வரும். ஆகவே முன்பக்கக் குழாய்கள் அனைத்திலும் தென்னங்கயிற்றை நெருக்கமாகச் சுற்றினோம். வெயில் நைலானையும் பிளாஸ்டிக் குழாயையும் நாளடைவில் நலியச் செய்யும். நிழலில் வையுங்கள்; மாதம் ஒருமுறை கண்ணிகளை விரலால் இழுத்துப் பாருங்கள்.

எங்கே நிற்பது? 45 பாகையில் எழும் பந்து, 2.5 மீட்டர் தள்ளியுள்ள வலையை அடையும்போது 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். நம் வலையின் உயரம் 2.4. பந்து மேலே தப்பிவிடும்! பந்தை உயர எழுப்பும் மட்டை என்றால் 1.5 மீட்டர் வரை நெருங்கி நில்லுங்கள். வலைக்குப் பின்னாலும் பக்கங்களிலும் ஆள் நிற்கவே கூடாது.

கோல்ஃப் வேண்டாம், கிரிக்கெட் போதும் என்பவர்களுக்கும் இதே வலை பயன்படும். கிரிக்கெட் பந்து பெரிது; கண்ணிக்குள் புகாது. ஆனால் அதன் உந்தம் 4.8, கோல்ஃப் பந்தைவிட அதிகம். எனவே மணல் மூட்டையை மறக்க வேண்டாம்.

வலை கட்டியதும் முதலில் பந்தைக் கண்ணியில் வைத்துக் கட்டை விரலால் முழுப் பலத்தோடு அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்த வலை ஆகாது. அடுத்து டென்னிஸ் பந்து ஒன்றை வேகமாக எறியுங்கள். அது உங்களை நோக்கித் திரும்பி வந்தால் கயிற்றைத் தளர்த்துங்கள். வலையின் அடியிலேயே விழுந்தால் மட்டையைக் கையில் எடுக்கலாம்.

மாணவர் இன்னும் நேராக அடிக்கப் பழகவில்லை. பத்தில் நான்கு பந்துகள் பக்க வலையில்தான் போய் விழுகின்றன. ஆனால் விழுந்த பந்துகள் அனைத்தையும் பொறுக்கிக்கொண்டு, சட்டத்தை மடித்துக் கட்டி, காலை வகுப்புக்கு நேரத்தோடு வந்துவிடுகிறார்.