தசை என்னும் சேமிப்பு

ஆண்டுதோறும் நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கிளையில் ஓய்வூதியர்களின் வரிசை நீண்டுவிடும். உயிர்வாழ் சான்றிதழ் அளிக்கும் மாதம் அது. 80 வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அதனை அளிக்கலாம். ஏறத்தாழ 20 ஆண்டுகளாக இந்த வரிசையைக் காணும் எனக்கு ஒரு மாற்றம் தவறாமல் கண்ணில் படும். சென்ற ஆண்டு நாற்காலியிலிருந்து இயல்பாக எழுந்தவர், இவ்வாண்டு மேசையில் இரு கைகளையும் ஊன்றி எழுகிறார். பேனாவைப் பற்றும் விரல்களில் உறுதி குறைந்து, கையொப்பம் எங்கள் பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துவர மறுக்கிறது. "வயதாகிவிட்டதல்லவா!" என்று அவர்களே சிரித்தபடி கூறிவிடுகின்றனர்.

என் தந்தையும் அவ்வாறே கூறிவந்தார். பணி ஓய்வு பெற்ற பின்னரும் நாள்தோறும் கடைத்தெருவுக்கு நடந்து சென்று, இரு கைகளிலும் காய்கறிப் பைகளைச் சுமந்து வந்தவர் அவர். "நீங்கள் உட்காருங்கள் அப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒவ்வொரு வேலையாக அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். மளிகை வீடு தேடி வந்தது. மின்கட்டணம் கைப்பேசியிலேயே முடிந்தது. சில ஆண்டுகளில் அவருடைய உலகம் கூடத்து நாற்காலியளவு சுருங்கியது. ஒரு நாள் குளியலறையில் கால் சறுக்கியபோது உடலைத் தாங்கி நிறுத்தும் வலு தொடைகளில் இல்லை. இடுப்பெலும்பு முறிந்தது. "எலும்பு இன்றுதான் முறிந்தது, தசையோ பல ஆண்டுகளாகக் குறைந்து வந்திருக்கிறது" என்றார் மருத்துவர். அந்தச் சொல்தான் இப்பொருளைப் பற்றி என்னைப் படிக்கத் தூண்டியது.

பெயரும் இயல்பும்

முதுமையில் ஏற்படும் இத்தசையிழப்பை மருத்துவ உலகம் 'சார்கோபீனியா' என்று அழைக்கிறது. சதை, இழப்பு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் 1980-களின் இறுதியில் இப்பெயரை முன்மொழிந்தார். 2016-இல் அமெரிக்க நோய் வகைப்பாட்டில் இதற்கெனத் தனிக் குறியீடு வழங்கப்பட்டது. முதுமையின் இயல்பு என்று ஒதுக்கப்பட்டு வந்த ஒன்று, கண்டறிந்து கவனிக்கத்தக்க குறைபாடாக ஏற்கப்பட்டது.

30 வயதை ஒட்டி நம் தசைவளம் உச்சத்தை அடைகிறது. அதன்பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைவதாக மதிப்பிடப்படுகிறது; 60 வயதுக்குப் பின் வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலிமை இன்னும் விரைவாகக் குறைகிறது.

இதில் ஏமாற்றும் கூறு ஒன்றுண்டு. எடை பார்க்கும் கருவி பழைய எண்ணையே காட்டக்கூடும். தசை குறைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுவதே காரணம். வணிகவியல் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஐந்தொகையின் கூட்டுத்தொகை மாறாதிருக்க, உள்ளே நல்ல சொத்து குறைந்து வாராக்கடன் பெருகுவதைப் போன்றது இது.

இழப்பு எங்கெல்லாம் தாக்குகிறது?

தசையின் பணி சுமை தூக்குவதோடு முடிவதில்லை. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையை இன்சுலினின் துணையுடன் பெருமளவில் ஏற்றுக்கொள்வது தசையே. அது குறையும்போது சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகிறது. மேலும், நோயுற்ற காலத்தில் உடல் தனக்கு வேண்டிய புரதப் பொருளைத் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அவசரக் காலத்துக்கென ஒதுக்கிய வைப்புத்தொகை போன்றது தசை. அதன் இருப்புக் குறைந்தவர்கள் காய்ச்சலிலிருந்தோ அறுவை சிகிச்சையிலிருந்தோ மீள நெடுநாள் ஆகிறது.

படுக்கை ஓய்வு இந்த இருப்பை விரைந்து கரைக்கும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த முதியோர் 10 நாட்கள் படுக்கையிலேயே இருந்தபோது, கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசையை இழந்தனர். "ஓய்வெடுங்கள்" என்று நாம் கூறும் அன்பான சொல்லுக்கும் ஒரு விலை உண்டு.

வீட்டிலேயே ஓர் இருப்புக் கணக்கு

ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகோல்களுள் மூன்றை நாமே சோதித்துப் பார்க்கலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 வினாடிகளோ அதற்கு மேலோ ஆகிறதா? இயல்பான நடையில் 6 மீட்டர் தொலைவைக் கடக்க 6 வினாடிகளுக்கு மேல் ஆகிறதா? கெண்டைக்காலின் மிகப் பருமனான பகுதியின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக உள்ளதா? இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்பது விடையானாலும் மருத்துவரை அணுகுவது நன்று. தடுமாற்றம் உள்ளவர்கள் அருகில் ஒருவரை வைத்துக்கொண்டே இச்சோதனைகளைச் செய்ய வேண்டும்.

மீட்க இயலுமா?

இயலும் என்பதே ஆய்வுகள் தரும் நம்பிக்கை. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் காப்பகத்தில் வாழ்ந்த 90 வயதையொட்டிய பத்துப் பேருக்கு மருத்துவக் கண்காணிப்பில் எட்டு வாரம் எடைப்பயிற்சி அளிக்கப்பட்டது. அதை நிறைவுசெய்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அவ்வயதிலும் தசை பயிற்சிக்குச் செவிசாய்த்தது.

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. தசைக்கு அது மட்டும் போதாது. வாரத்தில் 2 நாட்களேனும் தசைவலுப் பயிற்சியும், 3 நாட்களேனும் உடற்சமநிலைப் பயிற்சியும் முதியோருக்குத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வலியுறுத்தியது. உடற்பயிற்சிக் கூடம் கட்டாயமன்று. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுதல், பிடிமானத்துடன் குதிகாலை உயர்த்தி நிற்றல், 1 லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கி இறக்குதல் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். எளிதாகிவிட்டால் எண்ணிக்கையையும் எடையையும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக.

உணவில் புரதமும் இன்றியமையாதது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் முதியோருக்கு வேண்டும் என்பது வல்லுநர் பலரின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம் ஆகும். காலையில் இட்லியும் சட்னியும், இரவில் கஞ்சியும் என்ற உணவுமுறையில் இந்த அளவை எட்டுவது அரிது. இரண்டு முட்டைகளில் ஏறத்தாழ 12 கிராம், 400 மில்லி பாலில் 13 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் 10 கிராம் புரதம் உள்ளது. பற்கள் இடம் தராவிடில் நன்கு வேகவைத்த பருப்பு, தயிர், பனீர் ஆகியவை கைகொடுக்கும். மூன்று வேளைக்கும் பிரித்து உண்பது நலம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரின் அறிவுரையின்றிப் புரதத்தைக் கூட்டலாகாது.

70 வயதைக் கடந்தோருக்கு வங்கிச் சேவையை இல்லம் தேடி வழங்க 2017-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. உயிர்வாழ் சான்றிதழையும் இப்போது வீட்டிலிருந்தே அளிக்கலாம். நடக்க இயலாதவர்களுக்கு இவை பெருவரம், தயங்காமல் பயன்படுத்துங்கள். நடக்க இயன்றவர்களோ கிளைக்கு வருவதை விட்டுவிட வேண்டாம்.

என் தந்தை இன்று ஊன்றுகோலுடன் நடக்கிறார். பழைய நடை முழுமையாகத் திரும்பவில்லை. ஆயினும் காலையும் மாலையும் பத்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து அமர்கிறார். அவர் எழும்போது கைகொடுக்க நான் இப்போது விரைவதில்லை; அருகில் நின்று எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன். சென்ற வாரம் தெருமுனைக் கடைக்கு என்னுடன் வந்தவர், கீரைக்கட்டு இருந்த பையைத் தாமே வாங்கிக்கொண்டார். நான் மறுக்கவில்லை.