சிவப்பா, நீலமா, பச்சையா? 'மாஸ் எஃபெக்ட் 3' கேமின் கடைசிக் கேள்வி

கம்ப்யூட்டர் கேம் என்றால் ஓடுவதும் சுடுவதும்தான் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். போன வருடம் திருச்சி தில்லை நகரில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டு வந்தோம். அதில் என் மகள் போட்டுக் கொடுத்த 'மாஸ் எஃபெக்ட்' அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. மூன்று பாகங்களையும் முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. கடைசிப் பத்து நிமிடத்தில் நான் செய்த காரியம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. (இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள், முடித்துவிட்டு வந்து இதைப் படியுங்கள்.)

என்ன கதை?

பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று பாகங்கள் இவை. 2021ல் மூன்றும் சேர்ந்து 'லெஜண்டரி எடிஷன்' ஆக வந்தன. இதற்கு ஹார்ட் டிஸ்க்கில் 120 ஜிபி இடம் வேண்டும். வாங்கும் முன் பார்த்துக் கொள்ளுங்கள்.

ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திரங்கள் 50,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்து, வளர்ந்த நாகரிகங்களை அழிக்கின்றன. தளபதி ஷெப்பர்டாக நீங்கள் அவற்றைத் தடுக்க வேண்டும். முதல் பாகத்தில் எடுத்த தீர்மானங்கள் சேவ் ஃபைல் வழியாக மூன்றாம் பாகம் வரை கூடவே வருகின்றன.

மூன்று வழிகள்

முடிவில், ஒரு சிறுவனின் உருவத்தில் 'கேட்டலிஸ்ட்' என்ற இயந்திர அறிவு தோன்றி மூன்று வழிகளைச் சொல்கிறது. சிவப்புப் பக்கம் போய்ச் சுட்டால் ரீப்பர்கள் அழியும். மற்ற அறிவுள்ள இயந்திரங்களும் சேர்ந்தே அழியும். நீலப் பக்கம் போனால் ஷெப்பர்ட் உயிரை விட்டு ரீப்பர்களை ஆளலாம். நடுவிலுள்ள பச்சை ஒளியில் குதித்தால் எல்லா உயிர்களும் இயந்திரங்களும் கலந்து புதிய பிறவியாகும்.

எங்கே குழப்பம்?

கேம் முழுக்க நீலம் நல்ல வழிக்கும், சிவப்பு முரட்டு வழிக்கும் அடையாளம். முடிவிலோ வில்லன் ஆசைப்பட்ட 'ஆளுதல்' நீலத்திலும், நல்லவர் ஆண்டர்சன் விரும்பிய 'அழித்தல்' சிவப்பிலும் இருக்கின்றன. அடுத்தது, வழி சொல்லும் கேட்டலிஸ்ட்தான் ரீப்பர்களுக்கே தலைவன். அவன் பேச்சை நம்பலாமா? சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் ஷெப்பர்டும் பிழைப்பது கடினம் என்பதுபோல் பேசுகிறான். ஆனால் போதுமான படைபலம் சேர்த்திருந்தால், இடிபாடுகளுக்கு நடுவே ஷெப்பர்ட் மூச்சு விடுவதுபோல் ஒரு காட்சி வருகிறது. கடைசிக் காட்சிகளே ஷெப்பர்டின் மனமயக்கம் என்று வாதாடும் ரசிகர்களும் உண்டு.

2012 மார்ச்சில் கேம் வெளிவந்தபோது மூன்று முடிவுகளின் காட்சிகளும் நிறம் தவிர ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ரசிகர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் விளக்கக் காட்சிகளையும், மூன்றையும் மறுக்கும் நான்காவது முடிவையும் இலவசமாகச் சேர்த்தார்கள். நடப்பது என்ன என்று ஓரளவு புரிந்தது. எது சரி என்பதை மட்டும் இன்றுவரை கேம் சொல்லவில்லை.

என் தேர்வு

நான் யோசிக்காமல் சிவப்புப் பக்கம் போய்ச் சுட்டேன். பின்னாலிருந்து பார்த்துக் கொண்டிருந்த மகள், "கெத்துகளையும் சேர்த்துக் கொன்னுட்டீங்களேப்பா. அப்ப ஜீனோவையும் சுட்டிருப்பீங்களா?" என்றாள்.

இதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் படைத்த இயந்திர நாய்தான் ஜீனோ. விகடனில் தொடராக வந்தபோது வாரா வாரம் காத்திருந்து படித்தவன் நான். கெத்துகளும் சிந்திக்கத் தெரிந்த இயந்திரங்களே. அவற்றுக்கும் குவாரியன்களுக்கும் இருந்த 300 ஆண்டுப் பகையைத் தீர்த்து வைத்ததும் நான்தான். சமாதானம் செய்த கையாலேயே அழித்துவிட்டேன். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் பழைய சேவ் ஃபைலைத் திறந்து, கடைசிப் போரை மறுபடி ஆடி, பச்சையில் குதித்தேன். எல்லோரும் வாழ்ந்தார்கள். "யாரையும் கேக்காம எல்லாருடைய உடம்பையும் மாத்திட்டீங்களே?" என்றாள். நீலத்தை நான் இன்னும் தொடவில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை: கடைசிப் போருக்குக் கிளம்பும் முன் தனியாக ஒரு சேவ் செய்யுங்கள். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் பயோவேர் என்ற ஃபோல்டரில் அது இருக்கும். பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள். மற்ற முடிவுகளைப் பிறகு பார்க்கலாம். ஆனால் முதல் முறை தேர்ந்தெடுக்கும் முன் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த முதல் தேர்வைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.